காற்று வரும் பெஞ்சு

வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. காலையிலிருந்து ஐந்தாவது முறையாக அவர் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"எத்தன தடவதான் பாப்பீங்க? மழையெல்லாம் வராது. வந்து உக்காருங்க," என்றாள் மனைவி.

அம்மாவின் அடக்கத்தன்று மழை பெய்து எல்லாம் சேறாகிவிடக் கூடாதே என்று கணவர் தவிப்பதாக அவள் எண்ணிக்கொண்டாள். நாற்பத்தாறு வருடம் கூடவே இருந்தவளுக்கும் தெரியாத ஒன்று அவர் நெஞ்சுக்குள் இருந்தது. அவர் மழை வரவேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தார். தூறல் போதாது. கொட்டோ கொட்டென்று கொட்ட வேண்டும். பெட்டியை வாசலில் இறக்கி வைக்க வழியில்லாமல், நேரே ஆலயத்துக்குள் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அந்த ஆலயத்தில் ஒரு வழக்கம் உண்டு. சபையார் யார் இறந்தாலும் உடலை முதலில் வாசல்படிக்கு முன்னால் இறக்கி வைப்பார்கள். கோயில்பிள்ளை, அதாவது மணியடித்து, விளக்கேற்றி, பதிவேடுகளைக் காத்து வருகிறவர், பெரிய குடும்பப் பதிவேட்டை எடுத்து வந்து, இறந்தவருடைய பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாகப் படிப்பார். பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது, திருமணம், பிள்ளைகளின் ஞானஸ்நானம், எல்லாம் தேதியோடு வரும். படித்து முடித்த பிறகுதான் பெட்டி உள்ளே போகும். உள்ளே வரும்போது எழுதியதை வெளியே போகும்போது படிக்கிறோம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். மழை பெய்தால் மட்டும் படிப்பதில்லை. பதிவேடு நனையக் கூடாது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அப்பா போனபோது நல்ல மழை. எல்லாரும் சலித்துக்கொண்டார்கள். அவர் மட்டும் நனைந்த முகத்தை மேலே தூக்கி நன்றி சொன்னார்.

எடை அளவு இலாகாவில் முப்பத்தாறு வருடம் ஆய்வாளராக இருந்தவர் அவர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை போடுகிற வேலை. அடிப்பக்கம் குடைந்து அரக்கு அடைத்து வைத்த எடைக்கல்லைக் கையில் வாங்கியவுடனே சொல்லிவிடுவார். ஒருவரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. உறவில் சின்னப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அவரைத் 'தராசு' என்றார்கள். அவருக்கு அது தெரியும். பட்டப்பெயர் என்று பார்த்தால் கௌரவமானதுதான் என்று விட்டுவிட்டார்.

அம்மா முன்னறையில் படுத்திருந்தார். தொண்ணூற்று மூன்று வயது. உடம்பு சுருங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளை அளவுக்கு வந்திருந்தது. முகம் மட்டும் அதே முகம். யாரோ தாமதமாக வந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருக்கிற முகம். பெட்டிக்குள் விரித்திருந்த வெள்ளைத் துணியில் ஒரு மடிப்பு கோணலாக விழுந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தேழு வருடம் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவர் அம்மா. உயிரோடு இருந்திருந்தால், "இத தேச்சவன் கண்ணக் கட்டிக்கிட்டா தேச்சான்?" என்று கேட்டிருப்பார். அவர் குனிந்து அந்த மடிப்பை விரலால் நீவிவிட்டார். அது மறுபடி எழுந்துகொண்டது.

மேசையின் மேல் அச்சகத்திலிருந்து வந்த அட்டைகள் இருநூறு இருந்தன. முன்பக்கம் அம்மாவின் படம். பின்பக்கம் அவரே உட்கார்ந்து எழுதிய வாழ்க்கைக் குறிப்பு. 'ஒவ்வொரு ஞாயிறும் காலை ஆறு மணி, ஒன்பது மணி இரண்டு ஆராதனைகளுக்கும் செல்லும் பக்தி கொண்டவர்' என்று எழுதியிருந்தார். பாட்டுக்குழுவில் இல்லாமலே பாட்டுக்குழுவை விடச் சத்தமாகப் பாடுவார், ஆர்கன்காரர் வேகம் கூட்டினால் அம்மா மட்டும் பழைய வேகத்திலேயே பாடிக் கடைசி வரியைத் தனியாக முடிப்பார் என்பதை எழுதிவிட்டு அடித்துவிட்டார். கைப்பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும், யார் பிள்ளை அழுதாலும் பின்னாலிருந்து ஒரு கை நீளும் என்பதை எழுதவே இல்லை. குறிப்பு என்றால் தேதியும் விவரமும்தான் என்பது அவர் எண்ணம். நான்காவது வரியில் திருமணம் என்று போட்டு, நாள், மாதம், வருடம் கொடுத்திருந்தார்.

நாளும் மாதமும் சரி. வருடம் மட்டும் உண்மையைவிட மூன்று முந்தையது.

அவருக்கு இருபத்திரண்டு வயதில், இலாகாவில் சேர ஞானஸ்நானச் சான்று கேட்டார்கள். இப்போதைய கோயில்பிள்ளையின் தகப்பனார்தான் அப்போது அந்த வேலையில் இருந்தார். பதிவேட்டை மேசைமேல் வைத்துவிட்டு மணியடிக்கப் போனார். இளைஞன் ஆசையாகத் தன் குடும்பப் பக்கத்தைத் திறந்தான். பெற்றோர் திருமணம் என்று ஒரு தேதி. அதற்குக் கீழே மூத்த மகன் ஞானஸ்நானம், அதே தேதி. 'வயது ஒரு வருடம் எட்டு மாதம்.' வெளியே செருப்புச் சத்தம் கேட்டதும் பதிவேட்டைப் படக்கென்று மூடிவிட்டான். அதற்கு மேல் படிக்கவில்லை. ஐம்பத்தொரு வருடமாக ஒருவரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் கேட்கவில்லை.

அம்மா ஒரு தடவை தானாகவே ஆரம்பித்தார். துணி மடித்துக்கொண்டே, "உங்கப்பாவும் நானும் மொதல்ல பேக்கரிக்கு மேல ஒரு ரூம்ல இருந்தோம் பாரு, அப்ப எங்க வீட்டுல யாரும்..." என்றார். "பழசெல்லாம் இப்ப எதுக்கும்மா," என்று அவர் எழுந்து போய்விட்டார். அம்மா அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெற்றோரின் ஐம்பதாவது திருமண நாளை ஊரைக் கூட்டி நடத்தியதும் அவர்தான். நாற்பத்தேழை ஐம்பது ஆக்கினார். அன்று கேக் வெட்டும்போது அப்பா அம்மாவின் காதில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பார்த்தவர்கள் என்ன அன்னியோன்னியம் என்றார்கள். அவருக்குக் காது மடல் சுட்டது.

இன்று மூன்று மணிக்கு இருநூறு பேர் கையில் அட்டை இருக்கும். கோயில்பிள்ளை இன்னொரு வருடத்தைப் படிப்பார். மக்கள் அட்டையைத் திருப்புவார்கள். கூட்டிக் கழித்துப் பார்ப்பார்கள். முதல் வரிசைக் குடும்பம், தராசுக் குடும்பம், இத்தனை நாள் சபைக்குள் தலை நிமிர்ந்து நடந்த குடும்பம். 

பத்தரை மணிக்குத் தங்கை வந்தாள். கூடவே அவள் மகள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள், இரவு வேலை முடிந்து நேரே வந்திருந்தாள், சீருடையைக்கூட மாற்றவில்லை. பாட்டியின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றாள். மாமாவைப் பார்த்து ஒரு தலையசைப்பு. பிறகு சமையலறைக்குள் போய், வந்தவர்கள் குடித்து வைத்த கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள். அந்த வீட்டுக்குள் அவள் பதினைந்து வருடம் கழித்து வருகிறாள்.

பதினைந்து வருடத்துக்கு முன் இதே முன்னறையில்தான் அவள் திருமணப் பேச்சு நடந்தது. அப்போதே அவளுக்கு ஐந்து மாதம். மாப்பிள்ளை நல்ல பையன், நாள் குறித்தால் போதும் என்று தங்கை கெஞ்சினாள். அவர் எழுந்து நின்று, "நம்ம குடும்பத்துல இப்படி ஒண்ணு நடந்ததே இல்ல," என்றார். "கல்யாணத்துக்கு நான் வரல. கோயில்ல நம்ம பெஞ்சுல அவ உக்காரவும் வேண்டாம்."  அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிய சத்தம் வெகு நேரம் கேட்டது.

இப்போதும் அதே சத்தம் கேட்டது. அவரால் உட்கார முடியவில்லை.

"அவ ஏன் உள்ளயே நிக்கிறா?" என்று தங்கையிடம் கேட்டார்.

"வெளிய வந்தா நீ எந்திரிச்சு நின்னு தீர்ப்பு சொல்லிட்டா?" என்றாள் தங்கை. "பயமா இருக்குண்ணா. உன் தராசுல ஏற எங்களுக்கு எடை பத்தாது."

"அம்மா சாவுல வந்து சண்டை போடாத."

"நான் எங்க சண்டை போட்டேன்? நீ கேட்ட, சொன்னேன்." அவள் அட்டை ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "இதுல அம்மாவையே காணோமே. ஆபீஸ் லெட்டர் மாதிரி இருக்கு."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். "கோயில்ல பூ வைக்கிற எடத்தப் பாத்துட்டு வரேன்."

"பூக்காரங்க நேத்தே வச்சுட்டாங்களே," என்றாள் மனைவி. அவர் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.

ஆலயம் ஐந்து நிமிட நடை. மூட்டுவலிக்காரர் அன்று மூன்று நிமிடத்தில் போனார். பக்கவாட்டு அறையில் கோயில்பிள்ளை பித்தளை விளக்கு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவரைவிட இரண்டு வயது மூத்தவர். ஞாயிறு வகுப்பில் ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள்.

"வாங்க இன்ஸ்பெக்டர் சார். வருவீங்கன்னு தெரியும். டீ வாங்கி வச்சேன். ஆறிப்போச்சு, அது உங்க தப்பு."

அவர் டீயைத் தொடவில்லை. மேசைமேல் பதிவேடு இருந்தது. பழைய தோல் அட்டை, மூலைகளில் துணி ஒட்டியது. அதற்குள் ஒரு காகிதம் அடையாளமாகச் சொருகியிருந்தது.

"இன்னைக்கு, அந்தப் பக்கத்த முழுசா படிக்கணுமா?"

"எல்லாருக்கும் முழுசாத்தானே படிக்கிறேன்."

"வெயில் அதிகமா இருக்கு. ஜனங்க நிக்கணும். வயசானவங்க வருவாங்க."

"ரெண்டு நிமிஷம் சார். மருந்துக்கடைக்காரருக்கு ரெண்டு கல்யாணம், ஏழு பிள்ளைங்க. பதினோரு நிமிஷம் படிச்சேன், இத விட வெயிலு. நீங்கதான் கடைசியில வந்து, ஒரு எழுத்து விடாமப் படிச்சீங்கன்னு கை குடுத்தீங்க."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பேச்சை எந்தப் பக்கமிருந்து எடுப்பது என்று தெரியவில்லை. முப்பத்தாறு வருடமாகக் கடைக்காரர்கள் அவர் முன்னால் இப்படித்தான் நின்றார்கள். வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு குரல் இறங்கும்.

அவர் குரல் இறங்கியது. "பொறந்த தேதி, செத்த தேதி, அது மட்டும் போதுமே. நடுவுல இருக்கறது யாருக்கு வேணும்?"

கோயில்பிள்ளை விளக்கைக் கீழே வைத்தார். "சார், ஒண்ணு கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. ஒரு கடைக்காரன் உங்ககிட்ட வந்து, இந்த ஒரு கல்ல மட்டும் பாக்காம விட்டுருங்கன்னு கேட்டா என்ன செய்வீங்க?"

"அந்தக் கல்லத்தான் மொதல்ல எடுப்பேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கோயில்பிள்ளை சிரிக்கவில்லை. நல்ல மனிதர்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அவர்.

"எழுதி வச்சிருக்கே சார்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"பெயிண்ட் அடிக்க வந்தப்ப பொஸ்தகத்த எறக்கி வச்சோம், அப்ப ரெண்டு பேரு பாத்தாங்க. பழைய பாஸ்டர் பாத்திருக்காரு. அந்தக் காலத்துல இருந்தவங்க எல்லாருக்கும் தெரியும், ஆனா அவங்கள்ல முக்காவாசிப் பேரு போயிட்டாங்க. யாரும் இத ஒரு விஷயமாப் பேசிக் கேட்டதில்ல."

ஐம்பத்தொரு வருடம் தான் ஒருவனே நெஞ்சோடு பூட்டி வைத்திருந்ததை, பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் பார்த்துவிட்டு மேல்பூச்சு பூசப் போயிருக்கிறார்கள். அவருக்கு நாற்காலி தேவைப்பட்டது. உட்கார்ந்தார்.

கோயில்பிள்ளை பதிவேட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். "நீங்க அன்னைக்குப் பாத்தீங்கன்னு எங்கப்பா சொன்னாரு. அவரு வந்ததும் படக்குனு மூடிட்டீங்களாம். இப்ப முழுசாப் பாருங்க."

அதே பக்கம். அதே இரண்டு தேதிகள். கறுப்பு மை பழுப்பாகியிருந்தது. ஓரத்தில் குறிப்பு எழுத ஒரு ஒடுங்கின கட்டம். அன்று அந்தக் கட்டத்தை அவர் பார்க்கவே இல்லை. ஒரு தராசின் இரண்டு தட்டையும் பார்க்காமல் முத்திரை போடாதவர், தன் வீட்டுப் பக்கத்தில் பாதி வரியோடு பதிவேட்டை மூடியிருந்தார்.

ஓரத்தில் எழுதியிருந்தது: 'திருமணமின்றி வாழ்ந்த குற்றத்துக்காக மனைவிக்கு ஆறு மாதம் கடைசிப் பெஞ்சு. நிறைவேறியது. இனி முன்னே அமரலாம்.' கீழே ஒரு கையெழுத்து.

அவர் அதை மூன்று முறை படித்தார்.

"அப்பாவுக்கு இல்லையா?"

"அவரு அன்னைக்குத்தான சார் சபையில சேந்தாரு. புது ஆளு, அதனால தண்டனை இல்ல. சபையிலயே வளந்த பொண்ணுன்னு உங்கம்மாவுக்கு மட்டும் போட்டாங்க. ஆறு மாசம் முடிஞ்ச அன்னைக்கு எங்கப்பாதான் போய்ச் சொன்னாராம், அம்மா, இனிமே நீங்க முன்னாடி வந்து உக்காரலாம்னு. அதுக்கு அவங்க, இருக்கட்டும், இங்க காத்து நல்லா வருதுன்னாங்களாம்."

'காத்து நல்லா வருது.' அந்த வார்த்தையை அவர் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறார். வேலையில் சேர்ந்த வருடம் முதல் வரிசையைக் குடும்பத்துக்கென்று கேட்டு வாங்கினார். அப்பா வந்து உட்கார்ந்தார். அம்மா வரவில்லை. கதவோரம், தூணுக்குப் பின்னால், அந்தக் கடைசிப் பெஞ்சிலேயே இருந்தார். தாமதமாக வருகிறவர்கள், புதிதாக வருகிறவர்கள், யார் முகத்தையும் பார்க்க வெட்கப்பட்டு வருகிறவர்கள் எல்லாம் அம்மா பக்கத்தில் போய் உட்காருவார்கள். "உங்களுக்கு ஏம்மா இந்தப் பிடிவாதம், நாலு பேரு என்னைத்தான் கேக்கிறாங்க," என்று அவர் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறார். "உனக்கு அங்க, எனக்கு இங்க. காத்து நல்லா வருதுடா," என்பதற்கு மேல் அம்மாவிடமிருந்து பதில் வந்ததில்லை.

"இதப் பத்தி அம்மா எப்பவாச்சும் பேசினாங்களா?"

"ஒரு தடவ வந்தாங்க. உங்க தங்கச்சி பொண்ணு கல்யாணம் முடிஞ்ச மறுவாரம். பக்கத்தக் காட்டச் சொன்னாங்க. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தாங்க. எழுத்து அழியாம இருக்குமான்னு கேட்டாங்க. நல்ல மைம்மான்னு சொன்னேன். சரி, அது போதும்னு போயிட்டாங்க."

 ஆறின டீயின் மேல் ஆடை படிந்திருந்தது.

"சார், கேளுங்க," என்றார் கோயில்பிள்ளை. "குடும்பத்துல மூத்தவங்க கேட்டா அவங்களே படிக்கலாம். அதுவும் வழக்கத்துல உண்டு. வாசலுக்கு வந்ததும் பொஸ்தகத்த உங்க கையில குடுத்துடறேன். நீங்க எதப் படிக்கிறீங்க, எத விடுறீங்கங்கறது உங்க பாடு. நான் வாயத் தெறக்க மாட்டேன். ஆனா நான் படிச்சா, எல்லாத்தையும்தான் படிப்பேன்."

தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. மூன்று நிமிடத்தில் வந்த தூரத்தைத் திரும்பிப் போக அவருக்குப் பத்து நிமிடம் ஆனது.

எந்த வரியிலிருந்து எந்த வரிக்குத் தாவுவது என்று நடந்துகொண்டே ஒத்திகை பார்த்தார். பிறப்பு, ஞானஸ்நானம், அங்கிருந்து நேரே கணவர் இறப்பு. நடுவில் மூன்று வரி. மூச்சு இழுக்கிற நேரத்தில் தாண்டிவிடலாம். அப்புறம் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே குடைந்து அரக்கு அடைத்த கல்லும் பார்வைக்கு நல்ல கல் மாதிரிதான் இருக்கும். வீட்டு வாசலுக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வானம் இன்னும் அப்படியே, துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

இரண்டே முக்காலுக்குப் பெட்டியை ஆலய வாசலில் இறக்கினார்கள். வெயிலில் கண் கூசியது. கூட்டம் படியிலிருந்து கேட்டு வரை நின்றது. எல்லார் கையிலும் அட்டை. சிலர் அதை விசிறியாக்கிக்கொண்டிருந்தார்கள். புதுப் போதகர் ஜெபம் சொன்னார். கோயில்பிள்ளை பதிவேட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்து அவரிடம் நீட்டினார்.

"மூத்த மகன் படிக்கிறாரு," என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டார்.

பதிவேடு கனமாக இருந்தது. எவ்வளவு எடை இருக்கும் என்று பழக்கத்தில் கை கணக்குப் போட்டது. மூன்றரைக் கிலோ.  அம்மாவின் பெயரைப் படித்தார். பிறந்த தேதியைப் படித்தார். ஞானஸ்நானம் பெற்ற தேதியைப் படித்தார். குரல் நன்றாகத்தான் வந்தது.

அடுத்த வரியில் விரல் நின்றது.

தாவ வேண்டிய இடம் அதுதான். கண் ஏற்கெனவே மூன்று வரி கீழே போய் 'கணவர் இறப்பு' என்பதைப் பிடித்து வைத்திருந்தது. நாக்கு அந்த வார்த்தைக்குத் தயாராக இருந்தது. ஒரு மூச்சு இழுத்தார். கூட்டம் காத்திருந்தது. யாரோ இருமினார்கள். தலை நிமிர்ந்தார். கேட்டுக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் பின்னால், தங்கை மகள் சீருடையோடு நின்றிருந்தாள். அவள் கையில் அட்டை இல்லை. யாரும் கொடுக்கவில்லையோ, அவளே வாங்கவில்லையோ. அவள் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருமணம்," என்று படித்தார். நாளைப் படித்தார். மாதத்தைப் படித்தார். வருடத்தை, எழுதியிருந்தபடி, படித்தார்.

விசிறிக்கொண்டிருந்த அட்டைகள் நின்றன. பிறகு அவர் காலையிலிருந்து காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தம் வந்தது. நூற்றுக்கணக்கான அட்டைகள் திரும்புகிற சரசரப்பு.

"அட்டையில வேற போட்டிருக்கே?" என்று ஒரு கிழவர் கிசுகிசுத்தது எல்லாருக்கும் கேட்டது. காது மந்தமானவர்களின் கிசுகிசு அப்படித்தான். "அப்ப நாம போன அம்பதாவது கல்யாண நாளு?"

"நாப்பத்தேழு," என்றாள் பக்கத்தில் நின்ற கிழவரின் மனைவி. "கேக் நல்லா இருந்துச்சு, சும்மா இருங்க."

 நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று மூத்த மகனுக்குத் தெரிந்தது. "அதே தேதியில் மூத்த மகன் ஞானஸ்நானம். வயது ஒரு வருடம் எட்டு மாதம்." கொஞ்சம் நிறுத்தி, பதிவேட்டில் இல்லாத ஒன்றைச் சொன்னார். "அது நான்தான். அட்டையில வருஷத்தத் தப்பாப் போட்டதும் நான்தான்."

அவர் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் குரல் உடைந்துவிடும். பதிவேட்டைச் சாய்த்து, ஓரக் கட்டத்தில் இருந்ததைப் படித்தார். திருமணமின்றி வாழ்ந்த குற்றத்துக்காக. ஆறு மாதம் கடைசிப் பெஞ்சு. நிறைவேறியது. இனி முன்னே அமரலாம்.

 அந்தப் பெஞ்சில் ஏதோ ஒரு நாள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திராதவர்கள் அந்தக் கூட்டத்தில் குறைவு. தன் தோளுக்குப் பின்னால் தங்கை மூக்கை உறிஞ்சுவதை மட்டும் கேட்டார். மீதி வரிகளைப் படித்தார். தங்கையின் ஞானஸ்நானம், அப்பா இறந்தது, அடக்கத்துக்கு இன்றைய தேதி. பதிவேட்டை மூடிக் கோயில்பிள்ளையிடம் கொடுத்தார். அவர் கை கொடுக்கவில்லை. பதிவேட்டை வாங்கி, அதன் தோல் அட்டையின் மேல் இருந்த வியர்வை ஈரத்தைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

பெட்டி உள்ளே போனது. மூத்த மகன் அதன் பின்னால் நடந்தார். கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. யார் முகத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் பார்க்கத் துணிவில்லை. தரையின் கல் இடுக்குகளைப் பார்த்தே நடந்தார். முதல் வரிசையில் அவருக்கென்று இடம் விட்டிருந்தார்கள். பாட்டு ஆரம்பித்தது. ஆர்கன்காரர் வழக்கம்போல் வேகம் கூட்டினார். இழுத்துப் பிடிக்க இன்று ஆளில்லை.

பாதி வழியில் அவர் நின்றுவிட்டார். பிறகு திரும்பி, வருகிறவர்களுக்கு எதிராக, கதவுப் பக்கம் நடந்தார். எழுபது வருடமாக அந்த ஆலயத்துக்கு வருகிறார். நினைவு தெரிந்து அந்தக் கடைசிப் பெஞ்சில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

தங்கை மகள் அதற்குள் வந்து அதன் உள்முனையில் உட்கார்ந்திருந்தாள். கதவோர முனை காலியாக இருந்தது. மரம் அங்கே மட்டும் தேய்ந்து பளபளத்தது.

"இது யாருக்காச்சும் வச்சிருக்கா?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.  இத்தனை நேரம் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுகூட அவர் நெஞ்சு இப்படி அடிக்கவில்லை.

"அம்மாச்சி எடம்," என்றாள். பிறகு தன் பையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள். "உக்காருங்க மாமா."

உட்கார்ந்தார். முன்னால் பெரிய தூண். பீடம் தெரியவில்லை, போதகர் தெரியவில்லை, பெட்டியின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. கதவு உள்பக்கமாகத் திறந்து, ஜன்னலை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு நிமிடத்தில் காலருக்குள் வியர்வை இறங்கியது. ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு ஆரம்பித்தது. அவர் இப்படியும் அப்படியும் நகர்ந்து பார்த்தார். முகத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"நீ இங்க வந்திருக்கியா?"

"நைட் டூட்டி முடிஞ்சதும் வருவேன். ஆறு மணி ஆராதனைக்கு. அம்மாச்சி வருவாங்கல்ல."

இரண்டு ஆராதனைக்கும் செல்லும் பக்தி கொண்டவர் என்று அட்டையில் எழுதியது அவருக்கு நினைவு வந்தது. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அது ஏற்கெனவே நனைந்திருந்தது.

"இங்க காத்தே வரலயே," என்றார்.

"வராது மாமா," என்றாள் அவள். "எப்பவுமே வராது."